ஹாதோர்ன் தொழிற்சாலையில் உண்மையில் என்னதான் நடந்தது?

மாலைநேர மாணவி | திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். பகலில் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். உதவியாளர், மாலையில் அஞ்சல் வழியில் உளவியல் படிக்கிறேன். அடுத்த வாரம் எங்கள் லைன் சூப்பர்வைசர்கள் 15 பேருக்கு நிறுவன உளவியல் பற்றி ஒரு மணி நேரம் அறிமுகமாகப் பேசச் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் பாடத்தில் முதல் அத்தியாயமே ஹாதோர்ன் ஆய்வு, சுமார் நூறு வருடம் முன்பு ஓர் அமெரிக்க ஆலையில் நடந்தது. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினார்களாம், உற்பத்தி கூடியதாம். குறைத்தார்களாம், அப்போதும் கூடியதாம். ஆகவே தொழிலாளிக்குக் காசைவிடக் கவனிப்புதான் பெரிது என்று இரண்டே பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். தேர்வுக்கு இது போதும். 20 வருடம் லைன் ஓட்டியவர்கள் முன்னால் இதைச் சொன்னால் என்னை டீ வாங்கி வர அனுப்பிவிடுவார்கள்.

ஓவர்லாக் மெஷினில் உட்காரும் ஓர் அக்காவிடம், யாராவது பக்கத்தில் நின்று பார்த்தால் வேகம் ஏறுமா என்று விளையாட்டாகக் கேட்டேன். "ஏறும் பாப்பா. நீ அந்தப் பக்கம் போனதும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு இறக்கிடுவேன்" என்றார். சாய்மானம் இல்லாத ஸ்டூலில் ஒன்றரை ஷிப்ட் உட்காருகிறவர். அதற்குப் பிறகு அந்த அத்தியாயத்தைப் படித்தால் மனம் ஒட்டவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எக்செல் மன்னன் | திங்கள், இரவு 9.40

எங்கள் ஆபீசில் சம்பள உயர்வு கேட்டபோதெல்லாம் பீட்சா வந்ததற்கு ஆதாரம் இந்த அத்தியாயம்தானா? இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது.

நூலகப்பூச்சி | திங்கள், இரவு 11.05

மாணவி, உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்தக் கதை பாதி உண்மை, பாதி சொல்லிச் சொல்லி மெருகேறியது.

இடத்திலிருந்து தொடங்குகிறேன். சிகாகோவை ஒட்டிய சிசரோ என்ற ஊரில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் ஆலை இருந்தது. அமெரிக்காவின் பெல் தொலைபேசி அமைப்புக்கு வேண்டிய கருவிகள் அங்கேதான் தயாராயின. 1920களின் கடைசியில் சுமார் 40,000 பேர் வேலை செய்தார்கள். ஆலை என்பதைவிட ஒரு சிறு நகரம் என்றே சொல்லலாம்.

விளக்குச் சோதனை நடந்தது 1924 முதல் 1927 வரை. நல்ல வெளிச்சம் இருந்தால் வேலை கூடும் என்று நிரூபணமானால் விளக்கு விற்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். மின்சாரத் தொழில்துறை இதில் அக்கறை காட்டியதில் வியப்பில்லை. ஆனால் முடிவு அவர்கள் கைக்கு அடங்கவில்லை. வெளிச்சம் மாற்றிய பிரிவிலும் ஏறியது, மாற்றாத பிரிவிலும் ஏறியது. ஒரு கட்டத்தில் 2 பெண்களை ஏறக்குறைய நிலவொளி அளவு வெளிச்சத்தில் உட்கார வைத்தும் வேலை குறையவில்லை. இன்னொரு வேடிக்கையும் பதிவாகியிருக்கிறது. பல்பைக் கழற்றி, அதே அளவுள்ள இன்னொரு பல்பை அவர்கள் கண் முன்னாலேயே மாட்டினார்கள். வெளிச்சம் இப்போது நன்றாக இருக்கிறது என்று சொன்னார்களாம்!

இனி மெருகு கலையும் இடம். அந்தச் சோதனையின் மூலப் புள்ளிவிவரம் அழிந்துவிட்டது என்றே பல காலம் நினைத்திருந்தார்கள். லெவிட், லிஸ்ட் என்ற 2 பொருளாதார அறிஞர்கள் ஆவணக் காப்பகங்களிலிருந்து அதைத் தேடி எடுத்து, திரும்பக் கணக்குப் போட்டு 2011இல் வெளியிட்டார்கள். விளக்கை எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் மாற்றியிருக்கிறார்கள். திங்கட்கிழமை உற்பத்தி முந்தைய சனிக்கிழமையைவிடக் கூடுதலாக இருந்தது. அட, பலித்துவிட்டது என்று தோன்றும். ஆனால் விளக்கையே தொடாத வாரங்களிலும் திங்கட்கிழமை அப்படித்தான் ஏறியிருக்கிறது! ஒரு நாள் ஓய்வெடுத்து வந்தவர்களின் சுறுசுறுப்பு, விளக்கின் கணக்கில் ஏறிவிட்டது.

எக்செல் மன்னன் | திங்கள், இரவு 11.20

அப்படியானால் மொத்தமும் புருடா. அத்தியாயத்தைக் கிழித்துப் போடுங்கள்.

நூலகப்பூச்சி | செவ்வாய், காலை 6.50

அவசரம் வேண்டாம். விளக்குக் கதை ஆடிப் போகிறது, அவ்வளவுதான். ஹாதோர்னின் மற்ற அறைகள் இருக்கின்றனவே. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

1927இல் ரிலே கோர்க்கும் பெண்களைத் தனி அறையில் வைத்தார்கள். கோர்ப்பவர்கள் 5 பேர், பாகங்களை எடுத்துக் கொடுப்பவர் ஒருவர். ரிலே என்பது தொலைபேசி இணைப்பகத்தின் சின்ன மின்காந்த விசை. சுமார் 35 சிறு பாகங்களை அடுக்கி 4 திருகாணி முடுக்கினால் ஒரு ரிலே, ஏறக்குறைய ஒரு நிமிட வேலை. முடிந்ததைப் பக்கத்துச் சரிவுக் குழாயில் போட வேண்டும். அது விழும்போதே ஒரு காகித நாடாவில் துளை விழும். யார் எந்த நொடியில் எத்தனை முடித்தார் என்பது அப்படியே பதிவாகிவிடும். 1927இல் இது! இன்றைக்கு நம் கம்ப்யூட்டர் எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்று எண்ணுகிற மென்பொருளின் தாத்தா.

அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றினார்கள். 5 நிமிட ஓய்வு 2 தடவை, பிறகு 10 நிமிடமாக, பிறகு 6 சின்ன ஓய்வு. காலையில் சிற்றுண்டி. மாலையில் அரை மணி முன்னதாக வீடு. சனிக்கிழமை விடுமுறை. 12ஆவது கட்டத்தில் எல்லாச் சலுகையையும் பிடுங்கிக்கொண்டு பழைய 48 மணி வாரத்துக்கே போனார்கள். தொடக்கத்தில் ஒருவர் வாரத்துக்குச் சுமார் 2,400 ரிலே. சலுகை பறிபோன அந்தக் கட்டத்தில் 2,900ஐத் தாண்டியிருந்தது. பாடப் புத்தகம் சிலிர்த்துப் போவது இந்த இடத்தில்தான்.

ஆனால் 3 விஷயத்தைப் புத்தகம் மெல்ல விழுங்கிவிடும்.

அந்த வார எண்ணிக்கை கூடியதில் வேலை நேரம் கூடியதற்கும் பங்கு உண்டு. மணிக்கு எத்தனை என்று பார்த்தால் முந்தைய கட்டங்களைவிடச் சற்று இறங்கியிருந்தது.

1928 ஜனவரியில், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 2 பெண்களை அறையிலிருந்தே அனுப்பிவிட்டார்கள். பதிலாக வந்த இருவரும் கை வேகம் உள்ளவர்கள். அதில் ஒருவருக்குக் குடும்பச் சுமை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். அறையின் வேகத்தை இழுத்துக்கொண்டு போனவரே அவர்தான். அன்பான கவனிப்பின் வெற்றி என்று எழுதுகிற அறையில், வாயாடியதற்காக 2 பேர் வெளியே போயிருக்கிறார்கள் என்பதை மட்டும் பாடத்தில் தேடினாலும் காணோம்.

மூன்றாவது கூலி. அதைப் போர்மேன் ஐயா வந்தால் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

பழைய போர்மேன் | செவ்வாய், மாலை 4.30

கூப்பிட்டதற்கு நன்றி தம்பி. மதியம் தூங்கி எழுந்துதான் பார்த்தேன்.

பீஸ் ரேட், அதாவது செய்த எண்ணிக்கைக்குக் கூலி, வாங்கியவனுக்கு இது ஒரு நொடியில் புரியும். 100 பேருக்கு மேல் உள்ள பிரிவில் மொத்த உற்பத்தியை வைத்துக் கூலி போட்டால், நான் உயிரைக் கொடுத்துச் செய்தாலும் எனக்கு வருவது நூறில் ஒரு பங்கு. 5 பேருக்கு மட்டும் தனிக் கணக்கு என்றால் என் கை வேகம் என் பைக்கே வரும். அந்தப் பெண்களுக்கு இதைத்தான் செய்தார்கள். ஓய்வு, சிற்றுண்டி எல்லாவற்றுக்கும் முன்னால் மாறியது கூலிக் கணக்கு.

நான் வேலை பார்த்த ஷாப்பில் லேத் மெஷினில் ஒரு பையன் இருந்தான். கை அவ்வளவு சுத்தம். ஒரு மாதம் மற்றவர்களைவிடக் கால் பங்கு கூடுதலாக அடித்துக் காட்டினான். மேனேஜர் கூட்டம் போட்டுக் கை தட்டினார், சில்வர் டம்ளர் கொடுத்தார். அடுத்த மாதம் டைம் ஸ்டடிக்காரர் ஸ்டாப் வாட்ச்சோடு அவன் பக்கத்திலேயே வந்து நின்றார். அதற்கடுத்த மாதம் அவன் எண்ணிக்கையே எல்லோருக்கும் டார்கெட். கேண்டீனில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. ஒரு வருடம் கழித்து வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். டம்ளரை லாக்கரிலேயே விட்டுவிட்டுப் போனான்.

மாணவி, உங்கள் சூப்பர்வைசர்களிடம் டம்ளர் கதையைச் சொல்லுங்கள். விளக்குக் கதை வேண்டாம்.

நூலகப்பூச்சி | செவ்வாய், இரவு 10.15

ஐயா, உங்கள் லேத் பையன் ஹாதோர்னிலும் இருந்தான்! வேறு அறையில்.

முதலில் கூலியை முடித்துவிடுகிறேன். ஆய்வாளர்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. இன்னொரு குழுவை எடுத்து, வேறு எதையும் தொடாமல், கூலிக் கணக்கை மட்டும் அந்த 5 பேருக்கெனத் தனியாக்கினார்கள். உற்பத்தி சுமார் 12 விழுக்காடு ஏறியது. பழைய கணக்குக்குத் திரும்பியதும் சரிந்தது. கையில் இப்படியொரு சான்று இருந்தும் கூலியை ஓரமாக வைத்துவிட்டார்கள் என்று 1967இல் அலெக்ஸ் கேரி என்ற உளவியல் விரிவுரையாளர் விளாசித் தள்ளினார். ஹார்வர்டிலிருந்து 1928இல் இங்கே வந்து சேர்ந்த எல்டன் மேயோ (பிறப்பால் ஆஸ்திரேலியர்) இந்த ஆய்வை ஊரறியச் செய்தவர். மனித உறவு என்ற அவருடைய பார்வை அதன்மேல் பூசப்பட்டுவிட்டது என்பது என் கணிப்பு. மாற்றுக் கருத்தும் இருக்கலாம்.

இனி அந்த இன்னொரு அறை. 1931 நவம்பர் முதல் 1932 மே வரை. தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் 14 ஆண்கள்: கம்பி இணைப்பவர் 9 பேர், பற்றவைப்பவர் 3 பேர், சோதிப்பவர் 2 பேர். ஓர் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க ஒருவர். எதையும் மாற்றவில்லை, பார்த்தார்கள், அவ்வளவே. கூலி முறைப்படி, அறை முழுக்கக் கூடுதலாகச் செய்தால் எல்லோருக்குமே வருமானம் கூட வேண்டும். நடந்தது நேர்மாறு. ஒரு நாளைக்கு 2 கருவி, அதாவது 6,000 முதல் 6,600 இணைப்பு வரை, அதுதான் நியாயமான வேலை என்று அவர்களுக்குள்ளேயே ஒரு கணக்கு. அதைத் தாண்டினால் "ஸ்பீட் கிங்" என்று கேலி. மேலும் தாண்டினால் மேற்கையில் ஒரு குத்து. இதற்கு "பிங்கிங்" என்று அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். மிகக் குறைவாகச் செய்தாலும் வசவு உண்டு, அடுத்தவன் உழைப்பில் சாப்பிடுகிறான் என்று. கோள் சொன்னாலோ தொலைந்தான்.

வேகமாக முடித்த நாளின் மிச்சத்தைக் கணக்கில் காட்டாமல் மந்தமான நாளுக்கு வைத்துக்கொள்வார்கள். மேலே போகும் அறிக்கையில் எல்லா நாளும் ஒரே மட்டம். அறையிலேயே மிகக் குறைவாகச் செய்தவருக்கு அறிவுத் தேர்வில் முதலிடம், கைத்திறன் தேர்வில் மூன்றாமிடம். திறமைக்கும் உற்பத்திக்கும் அங்கே தொடர்பே இல்லை.

கேட்டால் சொன்ன காரணம் எளியது: கூடுதலாகச் செய்தால் ரேட்டைக் குறைப்பார்கள், இல்லாவிட்டால் ஆளைக் குறைப்பார்கள். அமெரிக்கா முழுக்க வேலை போய்க்கொண்டிருந்த காலம் அது.

ஒரே ஆலை, ஒரே மேலாண்மை, இரு அறையிலும் பார்வையாளர் உண்டு. ஓர் அறையில் ஏறியது, மற்றதில் மட்டமாகவே நின்றது. கவனித்தால் உற்பத்தி ஏறும் என்பதுதான் விதி என்றால் இந்த 14 பேர் எதில் சேர்த்தி?

வார்டு சிஸ்டர் | புதன், காலை 8.20

நைட் டியூட்டி முடித்துவிட்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே காசுதான் என்று சொல்லிவிட வேண்டாம். ஒருவர் காது கொடுத்துக் கேட்பது சின்ன விஷயம் இல்லை. நான் பார்த்த ஒரு மருத்துவமனையில் ஊசி மருந்து அளவு மாறிப்போனால் எழுதிக் கொடுக்க ஒரு நோட்டு இருந்தது. ஒரு சூப்பரிண்டெண்டன்ட் காலத்தில் அது காலியாகவே இருந்தது. அவரைக் கண்டாலே நடுக்கம். அடுத்து வந்தவர் முதல் நாளே தாம் செய்த ஒரு தவறை எங்களிடம் சொன்னார். இரண்டே மாதத்தில் நோட்டில் 9 பக்கம். வெளியிலிருந்து பார்த்தால் புது மேடம் வந்து வார்டே கெட்டுவிட்டது!

இதே மாதிரி ஒன்றை ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் கண்டிருக்கிறார். நல்ல குழுக்களில் மருந்துப் பிழை குறைவாக இருக்கும் என்று நினைத்துப் போனார். பதிவேட்டில் அவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. செய்தது கூடுதல் இல்லை, சொல்லத் துணிந்தது கூடுதல். உளவியல் பாதுகாப்பு (பயமில்லாமல் தவறைச் சொல்ல முடிவது) என்று இப்போது எல்லா எச்.ஆர். கூட்டத்திலும் பேசுகிறார்களே, அந்த வேர் இங்கே இருக்கிறது. மாணவி, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் செக்கிங் பிரிவில் டேமேஜ் பீஸை ஒளித்து வைக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

நூலகப்பூச்சி | புதன், காலை 9.05

சிஸ்டர் சொல்வது சரி. நான் கூலிப் பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்துவிட்டேன்.

ஹாதோர்னிலேயே கேட்பதற்கென்று ஒரு பெரிய ஏற்பாடு நடந்தது. 1928 முதல் 1930 வரை சுமார் 21,000 பேரிடம் பேட்டி எடுத்தார்கள். ஆரம்பத்தில் கேள்வித்தாள் வைத்து அரை மணி நேரம். ஆட்கள் கேள்வியை விட்டுவிட்டு வேறு எதையோ பேசினார்கள். சரி, அவர்கள் போக்கிலேயே விடுவோம் என்று விட்டதும் பேச்சு ஒன்றரை மணி நேரம் வரை நீண்டது. ஒரு பெண்ணுக்குத் தன் சூப்பர்வைசரைக் கண்டாலே ஆகாது. பேசிக்கொண்டே போகையில் அவருக்கே தெரிந்தது, அந்த ஆளின் சாயல் தமக்குப் பிடிக்காத மாற்றாந்தகப்பனின் சாயல் என்று. இன்னொரு பெண் கேண்டீன் சாப்பாட்டை விளாசித் தள்ளினார். சில நாள் கழித்து பேட்டி எடுத்தவரைப் பார்த்து நன்றி சொன்னார், சாப்பாட்டைச் சரி செய்ததற்காக. கேண்டீனில் ஒரு மாற்றமும் செய்திருக்கவில்லை!

பழைய போர்மேன் | புதன், காலை 9.30

அந்தக் கடைசிக் கதையைக் கேட்டு உங்கள் மேலாளர்கள் மகிழ்ந்து போவார்கள். செலவில்லாத வைத்தியம்.

வார்டு சிஸ்டர் | புதன், காலை 9.41

ஒரு தடவை பலிக்கும் ஐயா. இரண்டாவது தடவை கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள்.

நூலகப்பூச்சி | புதன், காலை 10.10

இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். 1936 முதல் அந்த ஆலையில் ஆலோசகர்களை நியமித்து லைன் லைனாக நடக்கவிட்டார்கள். யார் என்ன சொன்னாலும் கேட்பது அவர்கள் வேலை. எதையும் மாற்றும் அதிகாரம் கிடையாது. 1950களில் அது நின்றுபோனது.

தறிச்சத்தம் | புதன், இரவு 8.00

இத்தனை பேர் சிகாகோவிலேயே சுற்றுகிறீர்கள். நம் நாட்டிலேயே உலகப் புகழ் பெற்ற ஒரு சோதனை நடந்திருக்கிறது: அகமதாபாத், காலிகோ மில், 1953. மனித உறவுகளை ஆராயும் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தின் ஏ.கே. ரைஸ் அங்கே வந்தார். அந்த ஊரிலேயே விக்ரம் சாராபாய் முன்னின்று தொடங்கிய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தில் கமலா சௌத்ரி தலைமையில் உளவியல் பிரிவும் இருந்தது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம்.

மில்லில் புதிதாகத் தானியங்கித் தறி போட்டிருந்தார்கள். நல்ல மெஷின், நல்ல நூல், ஆனாலும் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. ரைஸ் பார்த்தபோது 224 தறி, 12 வகை வேலை. நெசவாளிக்கு இத்தனை தறி, ஊடை நூல் நிரப்புகிறவருக்கு வேறு எண்ணிக்கை, அறுந்த பாவைப் பிணைக்கிறவருக்கு இன்னொரு எண்ணிக்கை. இவர்களுடைய எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. நூல் அறுந்து தறி நின்றால், பிணைக்க வேண்டியவர் எங்கோ வேறொரு நெசவாளியின் தறியில் குனிந்திருப்பார். யாரும் சோம்பேறி இல்லை. ஆனால் யாரும் யாருக்கும் சொந்தமும் இல்லை. தறிக்கூடத்தில் நின்றவனுக்குத் தெரியும், நின்ற தறியின் மௌனம் எவ்வளவு எரிச்சல் என்று.

64 தறிக்கு 7 பேர் கொண்ட ஒரு குழு, எல்லா வேலையும் அந்தக் குழுவுக்குள் என்று பேச்சு எழுந்தது. அடுத்து நடந்ததுதான் அழகு. வல்லுநர்கள் திட்டம் தீட்டி முடிக்கும் முன்பே தொழிலாளர்கள் தாங்களாகவே யார் யாரோடு சேர்வது என்று பிரித்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் தடுமாறி, பிறகு உற்பத்தி ஏறியது, பழுதான துணி குறைந்தது. 1970இல் அதே நிலையத்தின் எரிக் மில்லர் திரும்பப் போய்ப் பார்த்தபோது பல இடங்களில் பழைய முறை தலைகாட்டியிருந்தது. ஆனாலும் ஒரு தறிக்கூடம் ஏறக்குறைய அதே முறையில் ஓடிக்கொண்டிருந்தது.

கூலியும் இல்லாமல் இல்லை, புது முறையில் சம்பளமும் மாறியது. ஆனால் அந்த மில்லில் முதலில் கேட்ட கேள்வி "ஆளை எப்படி முடுக்குவது" என்பதல்ல. "வேலையை ஏன் இப்படி வெட்டி வைத்திருக்கிறோம்" என்பது. எனக்குப் பிடித்தது அது.

எக்செல் மன்னன் | புதன், இரவு 8.35

கிழிக்கச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். எங்கள் டீமிலும் டெஸ்டிங் ஆள் 4 புராஜெக்ட்டுக்குப் பொது. அவரைப் பிடிக்கவே டிக்கெட் போட வேண்டும். 70 வருடம் கழித்து அதே தறிக்கூடம்.

மாலைநேர மாணவி | அடுத்த வியாழன், இரவு 9.50

பேசி முடித்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. டீ வாங்க அனுப்பவில்லை!

விளக்குக் கதையை 5 நிமிடத்தில் சொல்லி, திங்கட்கிழமைக் கணக்கையும் சொன்னேன். "எங்களுக்கும் சம்பளம் போட்ட மறுநாள் அப்படித்தான்" என்று ஒருவர் சொல்ல ஒரே சிரிப்பு. பிறகு 14 பேர் அறை. மேற்கையில் குத்து என்றதும் அறை அமைதியாகிவிட்டது. காலர் லைன் சூப்பர்வைசர் ஒருவர், தன் லைனில் மாலை 5 மணிக்கு மேல் எண்ணிக்கை ஏறவே ஏறாது, எந்தப் பொங்கல் போனஸுக்கும் அசையாது, ஏன் என்று இத்தனை நாள் யாரையும் கேட்டதில்லை என்றார். பக்கத்தில் இருந்தவர், "கேட்டா என்ன சொல்லுவாங்க, போன வருஷம் டஜன் ரேட்டைக் குறைச்சது நாமதானே" என்றார். எங்கள் மேனேஜர் அந்த நேரம் பார்த்து போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஒருவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் தெரியவில்லை. அந்த 14 பேருக்கும் கடைசியில் என்ன ஆயிற்று?

நூலகப்பூச்சி | வியாழன், இரவு 10.20

1932 மே மாதம் அந்த அறையை மூடிவிட்டார்கள். ஆய்வு முடிந்ததால் இல்லை. கொடுப்பதற்கு வேலை இல்லாததால்.

பழைய போர்மேன் | வியாழன், இரவு 10.32

அவர்கள் போட்ட கணக்கு தப்பவில்லை. சரி, அந்த ஓவர்லாக் பெண்ணின் ஸ்டூல் என்ன ஆயிற்று?

மாலைநேர மாணவி | வியாழன், இரவு 10.41

சாய்மானம் வைத்த ஸ்டூல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் ஐயா. பார்க்கலாம் என்றார்கள். இன்றைக்கு அந்த அக்கா கூப்பிட்டு, "எனக்காகக் கேட்டியாமே பாப்பா" என்று முறுக்கு கொடுத்தார். ஸ்டூல் வரவில்லை.

வார்டு சிஸ்டர் | வியாழன், இரவு 10.44

வந்ததும் இங்கே எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள்.